154 கோடி சீசனும் 189 கோடி சீசனும்: பிராட்வேயில் எது பெரிசு?

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்கங்களான பிராட்வேயின் மேல் பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "எந்த சீசன் பெரிசு?" என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நாளாக ஓடும் வழக்கு, 2023-24ஆ அல்லது 2024-25ஆ என்பது. 2025-26 பாதி முடிந்துவிட்டது, வசந்தகால நாடகங்களுக்கு டிக்கெட் எடுக்கும் நேரமும் வந்துவிட்டது. அதற்குள் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

வசூலை வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் வழக்கே இல்லை. 2023-24இல் மொத்த வசூல் சுமார் 154 கோடி டாலர், அடுத்த சீசனில் சுமார் 189 கோடி. பார்த்தவர்கள் எண்ணிக்கையும் 1 கோடியே 23 லட்சத்திலிருந்து 1 கோடியே 47 லட்சமாக ஏறியது. கொரோனாவுக்கு முந்தைய 2018-19இன் 183 கோடியையும் தாண்டிவிட்டார்கள். விலைவாசி ஏறியதைக் கழித்துப் பார்த்தால் அந்தச் சாதனை கொஞ்சம் இளைத்துவிடும். இருந்தாலும், அரங்கங்கள் பூட்டிக் கிடந்த 2020ஐ நினைத்துப் பார்க்கிற எவருக்கும் இந்த எண்கள் சந்தோஷம்தான்.

சரி, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 2025 வசந்தகாலத்தில் பேரிமோர் அரங்கில் டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜிலன்ஹாலும் நடித்த 'ஒத்தெல்லோ'வுக்கு உச்ச டிக்கெட் 921 டாலர். முறைப்படி திறப்பதற்கு முன் நடத்தும் முன்னோட்டக் காட்சிகளிலேயே ஒரு வாரத்துக்கு 28 லட்சம் டாலர் வசூல். வின்டர் கார்டனில் ஜார்ஜ் க்ளூனியின் 'குட் நைட், அண்ட் குட் லக்' ஒரே வாரத்தில் 40 லட்சத்தைத் தாண்டியது. பாட்டு வழியாகக் கதை சொல்லும் மியூசிக்கல் அல்லாத நாடகம் ஒன்று அந்த எல்லையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பேலஸ் அரங்கில் கீரன் கல்கின், பாப் ஓடன்கர்க், பில் பர் மூவரும் 'க்ளென்கேரி க்ளென் ராஸ்' போட்டார்கள்.

'ஒத்தெல்லோ'வுக்கு நான் போகவில்லை. 921 டாலருக்கு ஐந்தாறு நாடகம் பார்க்கலாம். பிராட்வேயின் மிகப் பெரிய விருதான டோனியின் பட்டியல் வந்தபோது அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. க்ளூனி நாடகத்தை மட்டும் நான் அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். 2025 ஜூன் 7 அன்று சி.என்.என். அதை நேரடியாக ஒளிபரப்பியது. டிக்கெட் வாங்க வழியில்லாதவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பிராட்வே காட்சியை அது நடக்கும் நேரத்திலேயே பார்த்தார்கள். அந்த சீசனில் நட்சத்திரக் காசால் நடந்த நல்ல காரியம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

இந்த நாடகங்கள் எல்லாமே சில மாதக் கணக்கில் ஒப்பந்தம் போட்டு வந்தவை. நட்சத்திரம் கிளம்பியதும் கடையைக் கட்டிவிடுவார்கள். வசூல் ஏட்டில் நிற்கும், மேடையில் எதுவும் மிஞ்சாது. அதனால் ஒரு சீசனை அளக்க நான் எடுக்கும் அளவுகோல் வேறு. யாருக்கும் தெரியாமல் வந்து, பார்த்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லி, அப்படியே இருக்கைகளை நிரப்பிய நாடகம் அந்த சீசனில் எத்தனை?

இந்த அளவுகோலை முதலில் 2023-24க்கு வைத்துப் பார்ப்போம். மியூசிக்கல் அல்லாத புதிய நாடகங்களைப் பொறுத்தவரை அந்த வருடத்துக்கு ஈடே இல்லை. ஒரே பெயர் போதும்: 'ஸ்டீரியோஃபோனிக்'. டேவிட் அட்ஜ்மி எழுதி, டேனியல் ஆக்கின் இயக்கி, ப்ளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் என்ற சிறிய ஆஃப்-பிராட்வே (பிராட்வே வரிசையில் சேராத) அரங்கில் தொடங்கி, 2024 வசந்தத்தில் கோல்டன் அரங்குக்கு வந்தது. 1970களில் ஒரு ராக் இசைக்குழு ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்கிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் நாடகத்தின் கதை அவ்வளவுதான். மேடையின் முன்பாதி ஒலிக்கலவைப் பலகை இருக்கும் கட்டுப்பாட்டு அறை. பின்பாதி கண்ணாடிக்குப் பின்னால் பாடும் அறை. டிரம்ஸ் வாசிப்பவரிடம் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் சத்தத்துக்கு வாசி என்கிறார்கள், அவருக்கு அது தன்மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. டயானா என்ற பாடகி ஒரு உயர்ந்த சுரத்தை எட்ட முடியாமல் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் காதலன் "இன்னொரு தடவை" என்கிறான். அந்தக் காட்சியில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு உறவு முறிவதை அழுகையும் கத்தலும் இல்லாமல், ஒரே சுரத்தை வைத்துக் காட்ட முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வில் பட்லர் போட்ட பாட்டுகளை நடிகர்களே மேடையில் வாசித்துப் பாடினார்கள். பாட்டு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். கடைசியில் ஒரு பாட்டு முழுசாக வந்து முடியும்போது அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

13 டோனி பரிந்துரைகள். அதற்கு முன் எந்த நாடகமும் அத்தனை வாங்கியதில்லை. சிறந்த நாடகம் உட்பட ஐந்து விருதுகள். விளம்பரப் பலகையில் போட ஒரு சினிமா முகம்கூடக் கிடையாது.

அதே சீசனின் இன்னொரு தூண் ஹட்சன் அரங்கில் வந்த 'மெரிலி வி ரோல் அலாங்' மியூசிக்கல். 1981இல் இதன் முதல் மேடையேற்றம் 16 காட்சிகளோடு மூடப்பட்டது. இதற்கு இசையமைத்த ஸ்டீபன் சான்ட்ஹைமின் பெரிய தோல்வி என்று பல வருடம் பேசினார்கள். ஹாலிவுட்டில் பணக்காரனாகி நண்பர்களை இழந்து நிற்கும் ஒரு மனிதனில் தொடங்கி, கதை பின்னோக்கியே போகும். 1957இல் ஒரு மொட்டை மாடியில் மூன்று இளைஞர்கள் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் வானத்தில் தெரிகிறதா என்று காத்திருக்கும் இடத்தில் முடியும். அவர்கள் என்ன ஆகப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஜோனதன் க்ராஃப், டேனியல் ராட்க்ளிஃப், லிண்ட்சே மெண்டெஸ் மூவரும் அந்த மாடியில் நின்று வானத்தைப் பார்த்தபோது என் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி கைக்குட்டையை எடுத்தவர் கடைசிவரை கீழே வைக்கவில்லை. சான்ட்ஹைம் 2021 நவம்பரிலேயே இறந்துவிட்டார், இந்த வெற்றியைப் பார்க்க அவர் இல்லை.

இங்கேயும் நட்சத்திரம் உண்டே என்று நண்பர்கள் மடக்குவார்கள். உண்மைதான், ராட்க்ளிஃப் இல்லாமல் டிக்கெட் அப்படிப் பறந்திருக்காது. ஆனால் அந்தப் பெயர் நாற்பது வருடம் தோற்றுப்போனதாகக் கிடந்த ஒரு படைப்பை மீட்டது. ஏற்கெனவே எல்லாரும் மதிக்கும் நாடகத்தின் மேல் பெயரை ஒட்டி விலையை ஏற்றுவது வேறு, இது வேறு.

புதிய மியூசிக்கல்களில் 2023-24 எனக்கு அரைத் திருப்திதான். சிறந்த மியூசிக்கல் விருது வாங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' நல்ல படைப்பு. மேடையில் மழை கொட்ட இரண்டு கும்பல் மோதிக்கொள்ளும் காட்சிக்காகவே போகலாம். பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைப் பாடிய 'சஃப்ஸ்' அதைவிட என் மனசுக்கு நெருக்கம். கதை வசனம், பாடல் இரண்டுக்கும் ஷெய்னா டாப் தனியாகவே டோனி வாங்கினார். மற்றவற்றில் பல நாவலிலிருந்தும் சினிமாவிலிருந்தும் இறக்கியவை. நன்றாக இருந்தன, மறந்துபோயின.

இப்போது 2024-25. நட்சத்திர வசூலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இந்த சீசனின் உண்மையான கதை பெலாஸ்கோ அரங்கில் நடந்தது. 'மேபி ஹேப்பி எண்டிங்'. வில் ஆரன்சன், ஹியூ பார்க் இருவரும் எழுதி 2016இல் சியோலில் முதலில் மேடையேறிய கொரிய மியூசிக்கல். எந்த நாவலையும் படத்தையும் தழுவாத சொந்தக் கதை. மேடையில் மொத்தமே நாலு நடிகர்கள். பெயரைக் கேட்டால் எதைப் பற்றியது என்றே புரியாது. 2024 அக்டோபரில் முன்னோட்டக் காட்சிகள் தொடங்கியபோது வார வசூல் சுமார் 3 லட்சம் டாலர். ஒரு மியூசிக்கலை ஓட்ட அது பற்றவே பற்றாது. கிறிஸ்துமஸுக்குள் மூடிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

மூடவில்லை. நவம்பர் 12 அன்று முறைப்படி திறந்தது. விமர்சனங்கள் கொண்டாடின, பார்த்தவர்கள் அடுத்த வாரம் ஆள் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்கள். வருடக் கடைசி விடுமுறை வாரத்தில் 10 லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜூன் 8 அன்று சிறந்த மியூசிக்கல் உட்பட ஆறு டோனி.

கதை இதுதான்: எதிர்கால சியோலில், ஓய்வு கொடுக்கப்பட்ட உதவி ரோபோக்கள் தங்கும் ஒரு குடியிருப்பு. ஆலிவர் தன் பழைய முதலாளி ஒருநாள் வந்து கூட்டிப்போவார் என்று நம்பிக்கொண்டு, பூந்தொட்டிச் செடி ஒன்றோடு பேசிக்கொண்டு, ஜாஸ் இசைத்தட்டு கேட்டுக்கொண்டு இருக்கிறான். எதிர் வீட்டு க்ளேர் கதவைத் தட்டுகிறாள். அவளுடைய சார்ஜர் பழுதாகிவிட்டது, கொஞ்ச நேரம் அவனுடையதைக் கடன் கேட்டு வந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்டுப் போகிற மாதிரி சாதாரணமாகத் தொடங்குகிறது. பாட்டரி தீரும் உடம்பு, உதிரிபாகம் கிடைக்காத உடம்பு என்று அது மெல்ல மெல்ல நம் அப்பா அம்மாவின் கதையாக, நம் கதையாக ஆகிவிடுகிறது. ஆலிவராக வந்த டேரன் கிறிஸ் தலையைத் திருப்புவதில்கூட ஒரு பழைய மாடல் ரோபோவின் விறைப்பு இருந்தது. க்ளேராக வந்த ஹெலன் ஷென் புதிய மாடல் என்பதால் கொஞ்சம் இளகிய உடல். அந்த வித்தியாசத்தை இரண்டு பேரும் கடைசிவரை காப்பாற்றினார்கள். மின்மினிப் பூச்சிகள் வரும் காட்சியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

இதற்குத் துணையாக 'ஓ, மேரி!'. கோல் எஸ்கோலா எழுதி, லிங்கனின் மனைவி மேரியாகத் தானே நடித்த, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் கூத்து. 1903இல் திறந்த லைசியம் அரங்கின் வரலாற்றில் வாரத்துக்கு 10 லட்சம் டாலர் தொட்ட முதல் நாடகம் அது. எஸ்கோலா இறங்கிய பிறகும் பெட்டி கில்பின், டைட்டஸ் பர்ஜெஸ் என்று மேரிகள் மாறிக்கொண்டே நாடகம் ஓடியது. ஆள் போனாலும் நாடகம் நிற்கிறது என்றால் அந்த எழுத்தில் பலம் இருக்கிறது.

2024-25இன் மோசமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்டன் ஜான் இசையமைத்த 'டாமி ஃபே' நவம்பர் 14 அன்று திறந்து டிசம்பர் 8 அன்று மூடியது. டோனி முடிந்த சூட்டோடு ஜூன் மாதத்திலேயே 'ஸ்மாஷ்', 'டெட் அவுட்லா', 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' மூன்றும் கிளம்பின. இவற்றில் 'டெட் அவுட்லா' போனது எனக்கு உண்மையிலேயே வலித்தது. ஏழு பரிந்துரை வாங்கியும் ஒரு விருது கிடைக்கவில்லை, அதோடு கதை முடிந்தது. 189 கோடி வசூலான அதே சீசனில் வந்த மியூசிக்கல்களின் கதிதான் இது.

இரண்டு சீசனையும் இணைக்கிற இரண்டு பேரை விட்டுவிடக் கூடாது. பிராண்டன் ஜேக்கப்ஸ்-ஜென்கின்ஸின் 'அப்ரோப்ரியேட்' 2024இல் மறுமேடையேற்றத்துக்கான டோனி வாங்கியது. அடுத்த வருடமே அவருடைய 'பர்பஸ்' சிறந்த நாடகமானது, அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் விருதும் வாங்கியது. அப்புறம் காரா யங். இரண்டு வருடமும் துணை நடிப்புக்கு டோனி, இரண்டாவது அந்த 'பர்பஸ்'க்கே. விருந்து மேஜைக் காட்சியில் அவர் வாயே திறக்காமல் சாப்பாட்டைப் பார்ப்பதிலேயே அரங்கம் சிரித்தது.

ஆக, என் கட்சி இது. நாடகத்துக்கு 2023-24, மியூசிக்கலுக்கு 2024-25. ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தால், இரண்டாவதைச் சொல்வேன். அதற்கு க்ளூனியும் டென்சலும் காரணமில்லை. 'ஸ்டீரியோஃபோனிக்' பிராட்வேக்கு வரும்போதே ஆஃப்-பிராட்வே பாராட்டு கையில் இருந்தது. அந்த ரோபோக்களுக்கு நியூயார்க்கில் யாரும் இல்லை. பாதி காலியான அரங்கில் தொடங்கி, பார்த்தவர்களின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஏறி வந்தார்கள்.

2025-26 இதே அளவுகோலில் எப்படி? இலையுதிர்காலம் பழைய படைப்புகளின் காலமாகவே போனது. ஹட்சனில் கியானு ரீவ்ஸும் அலெக்ஸ் விண்டரும் 'வெயிட்டிங் ஃபார் கோதோ' நாடகத்தில் காத்திருந்தார்கள். இம்பீரியலில் 'செஸ்' புது வசனத்தோடு திரும்பி வந்தது. லிங்கன் சென்டரின் 'ராக்டைம்'தான் இவற்றில் உச்சம். ஜோஷுவா ஹென்றியின் குரல் அந்தப் பெரிய அரங்கின் கடைசி வரிசையில் இருந்த எனக்கு நெஞ்சுக்குள் கேட்டது. புதிய மியூசிக்கல் என்று வந்ததில் 'தி குவீன் ஆஃப் வெர்சாய்' கிறிஸ்டின் செனோவெத் இருந்தும் டிசம்பர் 21 அன்று மூடிவிட்டது. எனக்குப் பயம் இங்கேதான். புதுசுக்குப் பணம் போட ஆளில்லாமல் போனால் மறுமேடையேற்றத்துக்கு நாளைக்கு எதை எடுப்பார்கள்?

வசந்தத்துக்கு நான் குறித்து வைத்திருப்பவை மூன்று. பிராட்ஹர்ஸ்ட் அரங்குக்கு வரும் 'கேட்ஸ்: தி ஜெலிக்கிள் பால்', நேதன் லேனும் லாரி மெட்காஃபும் சேரும் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', அப்புறம் 'மேபி ஹேப்பி எண்டிங்'கை இயக்கிய மைக்கேல் ஆர்டன் பேலஸுக்குக் கொண்டு வரும் 'தி லாஸ்ட் பாய்ஸ்'. அதற்கு முன் லாங்கேக்கர் அரங்கில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 'டூ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்று இங்கிலாந்திலிருந்து வந்த மியூசிக்கல். மேடையில் சுழலும் பெட்டிக் குவியல், இரண்டே நடிகர்கள், கையில் கொண்டுபோக வேண்டிய ஒரு கேக். நான் போன அன்று என் வரிசையில் சில இருக்கைகள் காலி. அடுத்த சனிக்கிழமை மதியக் காட்சிக்கு மறுபடி போகிறேன், இந்தத் தடவை நாலு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.