வீட்டு முட்டைக்கு எந்தக் கோழி: சிறுவிடையா, கிராமப்பிரியாவா, பிவி 380யா?

கொல்லையில அஞ்சாறு கோழி விட்டு வீட்டுக்கு முட்டை எடுக்கணும்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்குறது வருஷத்துக்கு எத்தனை முட்டை போடும்னுதான், நானும் அப்படித்தான் கேட்டேன். மூணையும் வளர்த்துப் பாத்த பிறகு சொல்றேன், பகல்ல கோழி மேயப்போகுதா இல்ல அடைச்சே வெக்கப்போறீங்களா, அத முடிவு பண்ணிட்டு அப்புறம் ரகத்த பாருங்க.

சிறுவிடைங்கிறது நம்ம ஊர் சின்ன நாட்டுக்கோழி, வருஷத்துக்கு 60, 80 முட்டைதான், அதுவும் சின்ன முட்டை, ஒரு பத்து பன்னெண்டு போட்டுட்டு அடைக்கு உக்காந்துரும், அதுக்கப்புறம் 21 நாள் முட்டைமேல, பொரிச்சப்புறம் ரெண்டு மூணு மாசம் குஞ்சோட. ஆனா அது குஞ்ச காப்பாத்துற விதம் இருக்கே, பருந்து நிழல் தரையில விழுந்தா போதும் ஒரு சத்தம் குடுக்கும், எட்டு குஞ்சும் இறக்கைக்குள்ள போயி ஒண்ணுகூட வெளிய தெரியாது. தீவனச் செலவும் கம்மி, கரையான், புழு, சாயங்காலம் ஒரு கை கம்பு, அவ்வளவுதான். இருட்டுனா முருங்கை மரத்துல ஏறிக்கும், பஞ்சாரத்துல கவுத்த பழக்கணும்.

பிவி 380, முட்டைக்குன்னே உருவாக்குன கம்பெனி ரகம், இதுக்கு நேர் எதிர். அஞ்சு மாசத்துல ஆரம்பிச்சு வருஷம் 300 பக்கம் பழுப்பு முட்டை, அடைக்கே உக்காராது. ஆனா அதெல்லாம் முட்டைக்கோழிக்குன்னு விக்கிற லேயர் தீவனம் சரியா போட்டாத்தான், ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம்னு வெச்சாலே அஞ்சு கோழிக்கு மாசம் 16 கிலோவுக்கு மேல வருது, குருணையும் மிச்ச சோறும் போட்டு ஏமாத்த முடியாது, கிளிஞ்சல் குறைஞ்சா ஓடு தோலாட்டம் வரும். மேயவும் தெரியாது, நாய் வந்தா ஓடவும் தெரியாது. மொட்டைமாடியில கூண்டு வெச்சவங்களுக்கு இதுதான் சரி.

நடுவுல நிக்கிறது கிராமப்பிரியா, ஹைதராபாத்ல இருக்கிற மத்திய அரசு கோழி ஆராய்ச்சி நிலையம் கொல்லையில வளர்க்குறதுக்குன்னே உருவாக்குனது. மேய விட்டு, கொஞ்சம் தீவனமும் போட்டா 160, 180 வரைக்கும் எடுக்கலாம், முட்டையும் நல்ல சைஸ். முதல் ஆறு வாரம் மட்டும் பல்பு போட்டு சூடு காட்டி வளர்க்கணும். இதோட முட்டைய சிறுவிடைக்கு அடைவெச்சு பொரிக்கலாம்தான், ஆனா கலப்புன்றதால அந்த குஞ்சு வளந்தா கிராமப்பிரியா அளவுக்கு முட்டை போடாது, அதனால திரும்பவும் குஞ்சு வாங்கித்தான் ஆகணும்.

எதை வாங்குனாலும் வெள்ளைக்கழிச்சலுக்கு தடுப்பு மருந்து போடாம இருக்காதீங்க. முதல் தடவ அசால்ட்டா விட்டேன், காலைல கூட்டைத் திறந்தா கழுத்து திருகிக்கிட்டு ஒண்ணு, தலைய தொங்கப்போட்டு ரெண்டு, நாலே நாள்ல ஒண்ணும் மிஞ்சல, இன்னைக்கு நினைச்சாலும் மனசு கேக்கமாட்டேங்குது. குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டாங்கிற தடுப்பு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி, அரசு கால்நடை மருந்தகத்துல கேட்டா போட்டுவிடுவாங்க.

என் கொல்லையில இப்ப நாலு கிராமப்பிரியா, ரெண்டு சிறுவிடை பெட்டை, ஒரு சேவல். முட்டைக்கு மட்டும்னா சேவல் தேவையே இல்ல, பெட்டை தானா போடும், பக்கத்து வீடு ஒட்டி இருந்தா சேவல் வாங்காதீங்க, விடியக்காலம் நாலு மணிக்கே கூவும்.