மஞ்சள் கோபி வாங்கலாமா என்று கேட்ட மயிலாடுதுறை நண்பனுக்கு

மஞ்சள் கிளவுன் கோபி என்கிற குட்டிக் கடல் மீனின் விலை இறங்கிவிட்டதாம். "மாப்ள, ஒண்ணு வாங்கித் தொட்டியில விடலாமா?" என்று நண்பன் போன் போட்டான். தொட்டித் தண்ணீரின் உப்படர்த்தி 1.025, சூடு 25 டிகிரி பக்கம், ஆர்.ஓ. தண்ணீர் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்த சமாச்சாரம். நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, அதன் சாப்பாடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சின்னத் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கடல் மீன் குறைவு. முழுதாக வளர்ந்தாலும் மூன்றரை சென்டிமீட்டர்தான். தெற்கு ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியப் பவளத்திட்டு வரை, அக்ரோபோரா என்கிற கிளைப் பவளங்களின் இடுக்கில் வாழ்கிற ஜாதி. நீந்துவதில் ஆசை கிடையாது, உட்காரத்தான் பிடிக்கும். வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து உறிஞ்சியாக இருப்பதால் கண்ணாடி, தெர்மாமீட்டர் என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கண்ணை மட்டும் உருட்டி நம்மை அளவெடுக்கும். வேலை முடிந்து வந்தால் டிவி போடாமல் இதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.

நம் வாய்க்கால் உளுவைக்கு இது சொந்தம். அம்மா பார்த்த உடனே, "உளுவையை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? இது குழம்புக்குக் கூடக் காணாதே" என்றார். குழம்புக்கு ஆகவும் ஆகாது. செதில் இல்லாத அதன் தோலில் சுரக்கும் கோழையில் நஞ்சு உண்டு. பெரிய மீன்கள் இதை விழுங்கத் தயங்குவது அதனால்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் இதன் மேல் சொல்லும் குறை, முட்டையிட இடம் பார்த்துப் பவளத்தின் சதையைக் கடித்து வழித்துவிடுகிறது என்பது. நமக்கு அந்தக் கவலை இல்லை. கல்பவளங்கள் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, வீட்டில் வைக்க முடியாது. என் தொட்டியில் இருப்பது பிளாஸ்டிக் கிளை. நல்ல விலை கொடுத்து வாங்கினேன். நம்ம மீன் துரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தண்ணீரைச் சுழற்றும் பவர்ஹெட் மோட்டாரின் ஒயர் மேல் உட்கார்ந்திருக்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. சாப்பாட்டு விஷயத்தில்தான் பொறுமை போகிறது. பெல்லட் என்கிற உருண்டைத் தீனி போட்டால் வாயில் வாங்கும், ஒரு நொடி யோசிக்கும், துப்பிவிடும். பொடித்துப் போட்டாலும், பூண்டுச் சாற்றில் ஊற வைத்துப் போட்டாலும் அதே கதை. முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சரி, மைசிஸ் என்கிற இறால் மாதிரிப் பொடி உயிரியை உறைந்த கட்டியாக வாங்கிக் கொடுப்போம் என்றால், அது சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் பஸ் ஏறி வர வேண்டும். கும்பகோணம் வந்து சேரும்போது பாதி கரைந்திருக்கும். மிச்சத்தை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பார்த்துக்கொள்ளும். ஒருமுறை கரைந்ததை மறுபடி உறைய வைத்துப் போட்டால் தொட்டித் தண்ணீர்தான் கெடும். ஃபிரீசரில் அதற்கு இடம் பிடிக்க வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை தனி.

கடைசியில் ஆர்ட்டீமியாதான் கைகொடுத்தது, உப்பு நீரில் வாழும் பொடி இறால் வகை, முட்டையாக வாங்கி நாமே பொரிக்கலாம். இறால் பொரிப்பகங்களில் பயன்படுத்தும் அதே முட்டை. கவிழ்த்த பாட்டில், உப்புத் தண்ணீர், ஏர் பம்ப், ஒரு விளக்கு. 28 டிகிரி இருந்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும், நம்மூர் வெயில் உருப்படியாக உதவுகிற ஒரே இடம் இது. ஆரஞ்சு நிறத்தில் துடிக்கும் குஞ்சுகளை விளக்கு வெளிச்சத்தில் ஒரு பக்கமாக ஈர்த்து, முட்டை ஓடு கலக்காமல் உறிஞ்சி எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். அதைப் பார்த்ததும் நம்ம ஆள் ஒயரை விட்டு எழுந்து பறக்கிறது பாருங்கள், அவ்வளவு நேரமும் சோம்பேறி என்று நினைத்தது இதைத்தானா என்று இருக்கும்.

ஆனால் இதைத் தினமும் செய்ய வேண்டும். அந்தச் சின்ன வயிற்றில் ஒரு வேளைத் தீனியே அதிகம் தங்காது, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை போட வேண்டும். திருவாரூர் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்க முடியாது. பெல்லட் என்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போகலாம், ஆர்ட்டீமியா பாட்டிலை யார் தொடுவார்கள்?

அதனால் மாப்ள, வேண்டாம். அந்தக் காசுக்கு க்ளவுன் மீன் (இந்தக் கோபி இல்லை, நீமோ படத்தில் வருகிறதே, அது) ஒரு ஜோடி வாங்கிவிடு, எதைப் போட்டாலும் தின்னும். அப்படியும் கேட்காமல் வாங்குவதாக இருந்தால், கடைக்காரரைக் கண் முன்னால் தீனி போடச் சொல்லி, தின்கிறதை மட்டும் எடு. ஒட்டிய வயிறு தெரிந்தால் விட்டுவிடு. நல்லதாக இரண்டு கிடைத்தால் எனக்கும் ஒன்று எடுத்து வை. இந்த ஜாதி ஆணாகவும் பெண்ணாகவும் மாறிக்கொள்ளும், ஜோடி பார்த்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.