விளையாட்டு வர்ணனை: ஊர் மைக்கில் தொடங்குவதா, சென்னைக்கு ரயிலேறுவதா?

தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, விளையாட்டு ஒலிபரப்பில் சேர வேண்டும் என்று சொல்லும் பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊரிலேயே மைக்கைப் பிடித்துப் பழகுவது. மற்றொன்று, ஊடகப் பட்டப்படிப்புக்குச் சென்னைக்குப் போவது. அகில இந்திய வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராகும் வழியும் இருக்கிறது. ஆனால் குரல் தேர்வில் தேறினாலும் மாதத்தில் சில நாள் பணியே கிடைக்கும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது.

ஊர் மைக்கை ஏளனமாகப் பார்ப்பவர்கள் தொண்டியை அடுத்த நம்புதாளைப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைக் கரையில் நின்று ஒருமுறை கேட்க வேண்டும். புறப்பட்ட சற்று நேரத்தில் படகுகள் மறைந்து பாய்கள் மட்டுமே தெரியும். எந்தப் பாய் எந்த ஊருடையது என்பதை அதன் நிறத்தையும் அதில் போட்டிருக்கும் ஒட்டுத்துணியையும் வைத்தே கண்டுபிடித்து, காற்று திரும்புவதையும் ஒரு படகு பின்தங்குவதையும் கரையில் நிற்கும் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வானொலி வர்ணனை என்பது இதுதான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தபோது, கேட்பவருக்கு ஆட்டத்தைக் காட்ட அவருடைய குரலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று மாடுகளை வகைபிரித்து ஓட்டும் மாட்டுவண்டிப் பந்தயமும் இதே பயிற்சியைத்தான் தருகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கூலி பெரும்பாலும் ஒரு சால்வையும் மதியச் சாப்பாடும்தான். நன்கொடையாளர் பெயர்களை நடுநடுவே வாசித்தாக வேண்டும். சொந்த ஊர் அணி பின்தங்கினால் குரலும் இறங்கிவிடும். கபடி ஆட்டம் ஒன்றை நான் முதன்முதலில் பதிவு செய்துவிட்டு வீட்டில் போட்டுக் கேட்டபோது, எதிரணிப் பக்கம் பாடிப்போனவரின் பெயர் ஒன்றுகூடக் காதில் விழவில்லை. கச்சான் காற்றின் இரைச்சல்தான் முழுக்க. மைக்குக்குப் பஞ்சு உறை போட வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலியில் பழகினால் இத்தகைய பாடங்கள் சீக்கிரமே கிடைத்துவிடும். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் திறன் பொதுவாக 100 வாட்தான் என்பதால், கேட்பவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். தவறாகச் சொன்னால் மறுநாள் சந்தையிலேயே திருத்திவிடுவார்கள்.

சென்னைப் படிப்பில் கிடைப்பது வேறு வகையான பயிற்சி. பல கேமராக்களில் எதைத் திரைக்கு அனுப்புவது, மறுகாட்சியை எந்த நொடியில் போடுவது, காதில் தயாரிப்பாளர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே தடுமாறாமல் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் ஊர்த் திடலில் யாரும் கற்றுத்தர முடியாது. 2014இல் புரோ கபடியும் 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழும் வந்த பிறகு இந்த வேலைகளுக்குத் தமிழ் தெரிந்தவர்களின் தேவை கூடியிருக்கிறது. ஆனால் பட்டம் வாங்கினால் வர்ணனையாளர் நாற்காலி கிடைத்துவிடும் என்று நம்புவது ஏமாற்றத்தில்தான் முடியும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்ரீகாந்த், பத்ரிநாத் போன்ற முன்னாள் வீரர்கள். விளையாட்டு வீரராக இல்லாமலேயே அங்கு வந்த ஆர்.ஜே. பாலாஜியோ பண்பலை வானொலியில் பேசிப் பெயர் வாங்கியவர். அதாவது அவரும் மைக் வழியாகவே வந்தார்.

ஆகவே குரலால் பிழைக்க நினைப்பவருக்கு ஊர் மைக்கே முதலில் ஏற்றது என்பேன். இரண்டு பந்தயப் பருவங்களாவது பேசிப் பழகி, நன்கொடையாளர் பெயர் எதுவும் வராத ஐந்து நிமிடப் பதிவு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போகலாம். கேமராவிலும் எடிட்டிங்கிலும் நாட்டமுள்ளவர் அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. சேர்க்கை தொடங்கியதுமே அவர் புறப்பட்டுவிடலாம்.