எஃகில் ஒரு ஃ, ஃபேனில் ஒரு ஃ

அதே மூன்று புள்ளிதான், வேலைதான் வேறு. பழைய ஆய்தத்துக்குத் தொல்காப்பியமே இடம் குறித்துவிட்டது: முன்னால் ஒரு குறில், பின்னால் உயிரேறிய வல்லினம். அஃது, இஃது, கஃசு எல்லாம் அப்படித்தான். சொல்லுக்கு முதலில் அது வராது. ‘எஃகு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டைப்பக்கம் லேசாகக் காற்று உரசும்.

ஃபேனில் இருப்பதற்குச் சொந்த ஒலி கிடையாது. பக்கத்து பகரத்தை, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துச் சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். ‘ஆபீஸ்’ அது இல்லாமலேயே ஓடுகிறது. ஆனால் பைன் மரத்தையும் ஃபைன் கட்டுவதையும் பிரிக்க அது வேண்டும். இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கட்டும், என் ஓட்டு இதற்கே. ‘அஃது’ எழுதிப் பல வருஷமாகிறது.