மாடியில் மேற்கு ஜன்னலுக்கு எந்த ஆவ்னிங்? பாலிகார்பனேட், ஏசிபி, கேன்வாஸ், அலுமினியப் பட்டை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்களுடையது மேற்குப் பார்த்த மாடி வைத்த வரிசை வீடு. கடற்கரை நடந்து போகும் தூரம். மாடி அறைகளின் இரண்டு ஜன்னலுக்கும் வெளியே ஆவ்னிங் (ஜன்னல் தலைக்கு மேலே சுவரில் மாட்டும் வெயில் மறைப்பு) போடுவது என்று முடிவானதும், இங்கே கிடைக்கிற வகைகளுக்கெல்லாம் விலை கேட்டோம். ஏற்கெனவே மாட்டியிருந்த உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் போய்ப் பார்த்தோம். கடைசியில் அலுமினியப் பட்டைகளை அடுக்கிச் செய்யும் ஆவ்னிங்கை மாட்டினோம். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். மற்ற வகைகளையும் எடை போட்டிருக்கிறேன், ஆனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

உள்ளே கனமான திரைச்சீலை தொங்கவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரைச்சீலையில் படுகிறது. சூடேறிய சீலை விடுகிற வெப்பம் வந்த வழியே கண்ணாடியைத் தாண்டித் திரும்பிப் போவதில்லை, அறைக்குள்ளேயே தங்குகிறது. அதை வெளியே தள்ளத்தான் ஏர்கோன் ஓட வேண்டியிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்துவிட்டால் அந்தச் செலவு குறையும். இதில் எந்த வகைக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு தொடங்குவது திசையில். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 டிகிரியைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. ஜூன் மாதம் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும், டிசம்பரில் தெற்கே. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உச்சிவேளையில் அது 60 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு வேலை சுலபம். தலைக்கு மேலே 2.5 அடி நீட்டி எதைப் போட்டாலும் 4 அடி உயர ஜன்னல் முழுவதும் உச்சி வெயிலில் நிழலுக்குள் வந்துவிடும்.

மேற்குக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதிலிருந்து இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே பகல் 1.20 வாக்கில்தான். மறைவது ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.40க்குள். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து மாடியில் உட்கார்ந்து படிக்கிற நேரம் முழுக்க எதிர்வெயில். மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி உயரத்தில் நிற்கும், 6 மணிக்கு 20 டிகிரி. 4 அடி ஜன்னலைத் தட்டையான ஆவ்னிங்கால் 5 மணிக்கு முழுதாக மறைக்க வேண்டுமானால் அது 6 அடி அளவுக்கு வெளியே நீள வேண்டும். 6 மணிக்கு மறைக்க 11 அடி வேண்டும். வரிசை வீட்டு மாடியில் யாரும் அப்படிப் போட முடியாது. வழக்கமான 2.5 அடி நீட்டம் 5 மணிக்குத் தருவது ஒன்றே முக்கால் அடி நிழல்தான். அதே ஆவ்னிங்கின் முன்விளிம்பை ஜன்னல் தலைக்குக் கீழே ஒன்றரை அடி இறக்கினால் நிழல் மூன்றேகால் அடியாகிவிடும். ஆகவே மேற்கு ஜன்னலுக்கு விலை கேட்கும்போது எவ்வளவு நீளும் என்பதைவிட முன்னால் எவ்வளவு இறங்கும் என்பதைக் கேளுங்கள். பக்கவாட்டிலும் ஜன்னலைவிட ஓர் அடியாவது அகலமாக இருக்க வேண்டும். ஜூனில் வடமேற்கிலிருந்தும் டிசம்பரில் தென்மேற்கிலிருந்தும் வெயில் ஓரமாக நுழையும்.

செங்குத்தாகத் தொங்குவதுதான் வேண்டுமென்றால் மூங்கில் தட்டியே போதுமே என்று தோன்றும். ஜார்ஜ்டவுனில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதைகளில் தட்டி தொங்காத தெருவே இல்லை. தரைத்தளத்து வராந்தாவுக்கு அதைவிட மலிவான, அழகான மறைப்பு கிடையாது. மாடியில் சிக்கல் என்னவென்றால், எங்கள் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. தட்டியை இறக்கினால் கதவைத் திறக்க முடியாது. கடல்காற்று அடிக்கும்போது சுவரில் மோதிக்கொண்டே இருக்கும், கயிறும் சீக்கிரம் மக்கும்.

கேன்வாஸ் ஆவ்னிங்கின் வசதி, வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளலாம் என்பது. சுருட்ட வேண்டிய நேரம்தான் தொந்தரவு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ராக் காற்று பெரும்பாலும் அதிகாலையில், வீடே தூங்கும்போது வந்து அடிக்கும். விரித்தபடி விட்டால் ஆவ்னிங்கைத் தாங்கும் கை முறியும். நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழை கொட்டும் மாதங்கள், துணி காயவே நேரம் கிடைக்காது. காற்றை உணர்ந்து தானாகச் சுருண்டுகொள்ளும் மோட்டார் வகையும் உண்டு. அதை ஓர் உறவினர் வீட்டில் பார்த்ததோடு சரி, வைத்துப் பழகியதில்லை. பூசணம் பற்றிய பயத்தை மட்டும் அந்த மோட்டாரும் போக்காது.

மிச்சம் நின்றவை மூன்று: பாலிகார்பனேட், ஏசிபி, அலுமினியப் பட்டை. பாலிகார்பனேட் மலிவு, எடை குறைவு, அறையை இருட்டாக்காது. ஆனால் வெளிச்சத்தோடு சூட்டையும் கொஞ்சம் கீழே விடும். ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த கூட்டுத் தகடு. முழு நிழல் தரும், மழைச் சத்தத்தை நன்றாக அடக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். எங்கள் தெருவில் அதுதான் அதிகம். சத்தம் ஒன்றே உங்கள் கவலை என்றால் ஏசிபிக்கு மேல் எதுவும் இல்லை.

எங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறொரு கேள்வி. மாட்டிய பிறகு அதன் மேல்பக்கத்தை யார், எங்கே நின்று கழுவுவது?

தகடு வகைகளில் அழுக்கு சேர்வது மேல்பக்கத்தில். வீட்டுக்குள்ளிருந்து அது தெரியாது. ஜன்னல் வழியே கையை விட்டாலும் தகடே குறுக்கே நிற்கும், போதாததற்கு எல்லா ஜன்னலிலும் கிரில். ஆகவே வெளியே இருந்து ஏணி சாத்த வேண்டும். கீழே கார் நிறுத்துமிடத்துக் கூரை இருந்தால் அதற்கும் இடம் கிடையாது. ஆளை வைத்துத்தான் கழுவ வேண்டும், அதையும் தள்ளிப் போட்டுக்கொண்டே போவோம். இந்த ஊர் ஈரத்தில் தள்ளிப் போட்ட மாதங்கள் பச்சைப் பாசியாகத் தெரியும். நாங்கள் போய்ப் பார்த்த வீடுகளில் கீழே பளிச்சென்று இருந்தவை மாடியில் பாசியும் கோடுமாக நின்றன. வீட்டுக்காரர்கள் சோம்பேறிகள் அல்ல, கை எட்டவில்லை.

பாலிகார்பனேட்டில் இது இன்னும் மோசமாகும். இரட்டைச் சுவர் கொண்ட தகட்டின் உள்ளே குழல் குழலாக இடைவெளி ஓடும். அந்த முனைகளை நாடா ஒட்டிச் சரியாக அடைக்காவிட்டால் ஈரமும் பூச்சியும் உள்ளே போய், பாசி உள்ளுக்குள்ளேயே வளரும். அதை எந்தத் துடைப்பமும் எட்டாது. பல தகடுகளில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும், மாற்றி வைத்தால் மஞ்சளாகி நொறுங்கும். முரட்டுத் தூரிகையும் தின்னரும் ஆகாது, பூச்சு போய்விடும். சூட்டில் விரிவதும் அதிகம். 2 மீட்டர் தகடு 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டர் நீளும். திருகுத் துளையைச் சற்றுப் பெரிதாகப் போடாவிட்டால் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும்.

ஏசிபியில் தகட்டைவிட இணைப்புகளைத்தான் கவனிக்க வேண்டும். பலகைகள் சேரும் இடத்திலும் சுவரோடு சேரும் இடத்திலும் சிலிகான். அது வெயிலில் காய்ந்து வெடித்தால் நீர் சுவர் வழியே இறங்கும். திரும்பப் பூசவும் ஆள் ஏற வேண்டும். ஓரத்தில் மழைநீரை ஏந்தி வடிக்கும் நீளத் தொட்டி வைத்தால் இலையும் மைனாக் கூட்டின் வைக்கோலும் சேர்ந்து நீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி கொசு வளர இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும், டெங்கி வந்து படுத்த வீட்டைப் பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் ஒரு தொட்டியை வைத்துக்கொள்ள யோசிப்பார்கள்.

இன்னொன்று, தகட்டைத் தாங்கும் சட்டம் (ஃபிரேம்). பாலிகார்பனேட்டுக்கும் ஏசிபிக்கும் விலையைக் குறைக்க உள்ளே இரும்புச் சட்டம் வைத்துச் சாயம் பூசிவிடுவார்கள். உப்புக் காற்றில் முதலில் வெல்டிங் செய்த இடத்தில் துரு தொடங்கும். பிறகு ஒவ்வொரு மழைக்கும் வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடு இறங்கும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிகூட இருக்காது. கடலோரத்தில் இதுவே பெரிய கவலை.

அலுமினியப் பட்டை வகையில் சாய்வான பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், நடுவே விரல் நுழையும் இடைவெளி. பட்டை ஒவ்வொன்றும் செங்குத்தான சரிவில் இருப்பதால் மழையே பாதிக் கழுவலைச் செய்துவிடுகிறது. மீதிக்கு ஜன்னலைத் திறந்து, கிரில் கம்பிகளுக்கு இடையே ரப்பர் குழாயையும் நீளக் காம்புத் தூரிகையையும் விட்டால் போதும். நீர் இடைவெளி வழியே வெளிப்பக்கம் ஓடிவிடும். "அண்ணே, ஏணியே வேணாம், ரூமுக்குள்ள நின்னுக்கிட்டே கழுவிடலாம்" என்று மாட்ட வந்த தம்பி சொன்னது அப்படியே நடக்கிறது. கடலோரத்தில் அலுமினியத்துக்கு வேண்டிய மருந்தே இடையிடையே நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுவதுதான். கை எட்டுவதால் அதைச் செய்கிறோம். தீபாவளிக்கு முன் வீடு கழுவும்போது சோப்பு போட்டு ஒரு முறை தேய்த்தால் போதுமானதாக இருக்கிறது. நீர் தேங்க இடமில்லை, சிலிகான் கோடுகள் இல்லை. ஒரு பட்டை நசுங்கினால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

நிழலிலும் இந்த வகை மேற்குக்குப் பொருந்துகிறது. முன்பக்கத்தை ஒன்றரை அடி இறக்கியும் காற்று அடைபடவில்லை. முழுத் தகட்டை அவ்வளவு இறக்கியிருந்தால் சூடான காற்று அதற்கடியிலேயே கிடந்து ஜன்னல் வழியே உள்ளே வரும். பட்டைகளின் இடுக்கில் அது மேலேறிப் போய்விடுகிறது. பெருங்காற்றும் ஊடுருவிப் போவதால் சுவர் ஆணிகளின்மேல் விழும் இழுப்பு குறைவு.

குறைகளும் உண்டு. பாலிகார்பனேட்டைவிட விலை நன்றாகவே கூடுதல். சாய்ந்தடிக்கும் மழையில் இடைவெளி வழியே சாரல் வரும், ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். மழைச் சத்தம் தகரக் கூரை அளவுக்கு இல்லாவிட்டாலும் ஏசிபியைவிட அதிகம். ஜன்னலோரத்தில் படுப்பவருக்கு மெல்லிய தூக்கமென்றால் யோசியுங்கள். வானம் தெரிவது குறைந்து அறை சற்று மங்கும். பட்டைகளுக்கு நடுவே குளவி கூடு கட்டப் பார்க்கும். வண்ணப் பூச்சு பத்து வருட வெயிலைத் தாங்குமா என்று சொல்லும் அளவுக்கு எங்களுடையதற்கு இன்னும் வயதாகவில்லை.

வாங்குவதாக இருந்தால் சட்டமும் அலுமினியமாகவே இருக்கட்டும். திருகுகள் 316 தர எவர்சில்வரில் வேண்டும். திருகும் அலுமினியமும் நேராகத் தொடாமல் நைலான் வளையம் போடச் சொல்லுங்கள். இரு உலோகம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் திருகைச் சுற்றி அரித்துவிடும். ஆணி வெறும் பூச்சில் நிற்காமல் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்கியிருக்க வேண்டும். கதவைத் தொண்ணூறு டிகிரி திறந்து காட்டி, இடிக்காத உயரத்தில் குறி போட்ட பிறகே துளையிட விடுங்கள். கட்டடத்தில் கூட்டிச் சேர்க்கும் வேலைகள் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருபவை. முன்பணம் கொடுக்குமுன் மாநகர் மன்றத்தில் கேட்டுவிடுவது நல்லது. நீர் பக்கத்து வீட்டுப் பக்கம் விழாதபடியும் அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

கீழ்த்தளத்துக்கு இந்தச் செலவு அவசியமில்லை. சின்ன ஏணி எட்டும் உயரத்தில் ஏசிபி போட்டு ஒழுங்காகக் கழுவி வரலாம். மாடி ஜன்னலே வடக்கோ தெற்கோ பார்த்து, கிரில்லும் திறக்கும் வகையாக இருந்தால் அங்கேயும் ஏசிபியை வேண்டாமென்று சொல்ல மாட்டேன், சட்டம் மட்டும் இரும்பாக இருக்கக் கூடாது.