கோமாளி மீன் முட்டையும் குஞ்சும்: சுங்கை சிப்புட் வீட்டில் என் அனுபவம்

கோமாளி மீன் முட்டை போட்டதும் எல்லாரும் கேட்பது, முட்டையை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான். சில வருடங்களாக ஒசெல்லாரிஸ் வகைக் கோமாளி மீன் ஜோடி ஒன்றை வைத்துக் குஞ்சு எடுத்துவரும் எனக்கு, அந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாததாகத் தோன்றுகிறது. முட்டையைத் தகப்பன் மீனே பார்த்துக்கொள்ளும். பொரிந்த பிறகு வரும் முதல் பத்து நாள்தான் நம் பொறுப்பு. என் நேரத்தையும் பணத்தையும் அந்தப் பத்து நாளுக்குத்தான் செலவு செய்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சுற்றிலும் பால்மரமும் செம்பனையும்தான். லூமுட் பக்கம் போனால் கடல் தண்ணீர் கிடைக்கும், ஆனால் அந்தக் கரையில் ஆற்றுச் சேறு கலந்திருக்கும், அதனால் எடுப்பதில்லை. ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, உப்பளவு (ஒப்படர்த்தி) 1.025 வரும்படி வைத்துக்கொள்கிறேன். ஹீட்டர் தேவையே இல்லை. நம் வெயிலுக்கு, மேலே ஒரு சின்ன விசிறி ஓடினால்தான் தண்ணீர் 28 டிகிரியில் நிற்கும். விசிறி ஓடினால் தண்ணீர் வற்றும். வற்றியதற்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தொட்டியைப் பற்றி இவ்வளவு போதும்.

முட்டை போடுவதற்கு, மருந்து உரம் எதுவும் படாத புது மண்சட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். கோமாளி மீன் வழக்கமாகத் தங்கும் கடல் சாமந்தி இல்லாத தொட்டியிலும் இந்த ஜோடிக்குச் சட்டியே வீடாகிவிட்டது. பாறையில் முட்டை போட்டால் எடுக்க வழியில்லை, சட்டியை அப்படியே தூக்கிவிடலாம். பாறையிலிருந்து தள்ளி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துறவி நண்டு, முள்புழு, சுத்தம் செய்யும் இறால் எல்லாம் இருட்டில் முட்டையைத் தேடி வரும். பகலில் தகப்பன் எல்லாவற்றையும் விரட்டிவிடும். ராத்திரியில் அதன் பாதுகாப்பு அவ்வளவு உறுதியில்லை.

முட்டை போட்ட அன்று ஒவ்வொன்றும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில், ஒரு முனை சட்டியில் ஒட்டியபடி நெருக்கமாக நிற்கும். தாய் பெரிய மீன், வந்து பார்த்துவிட்டுப் போகும். சின்னதான ஆண்தான் முழுநேரக் காவல். முன் துடுப்பால் விசிறி விசிறி முட்டைக்குப் புதுத் தண்ணீர் தள்ளும், வாயால் வரிசை வரிசையாகத் தடவும். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பதறினான். "அண்ணே, அப்பாவே முட்டையைத் தின்னுது, சட்டியை எடுத்துடுங்க!" நன்றாகப் பாருடா என்று டார்ச் அடித்துக் காட்டினேன். வெளுத்துப்போன முட்டையாகப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எடுத்தது. செத்த முட்டையை விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். சிலர் முதல் நாளே சட்டியைப் பிரித்து, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ மருந்து ஊற்றி, குமிழி விடும் காற்றுக்கல் வைத்தும் பொரிக்க வைக்கிறார்கள். அது நடக்கும்தான். ஆனால் அந்த மீன் செய்யும் நுணுக்கம் காற்றுக்கல்லுக்கு வராது. புது ஜோடி முதல் சில முறை மொத்த முட்டையையும் தின்றுவிடுவதுண்டு. அதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை. நல்ல தீனி கொடுத்துக் காத்திருந்தால் பழகிக்கொள்ளும். பழகிய ஜோடி இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் போலப் போட்டுக்கொண்டே இருக்கும்.

நாள் போகப் போக முட்டை பழுப்பாகும், பிறகு உள்ளே கண் தெரியும். அந்தக் கண் வெள்ளி மாதிரி மின்ன ஆரம்பித்தால் பொரியும் ராத்திரி வந்துவிட்டது என்று அர்த்தம். என் தொட்டிச் சூட்டில் ஏழெட்டு நாளில் அது வரும். அன்று சாயங்காலம், தாய்த் தொட்டித் தண்ணீரையே நிரப்பிய சின்னத் தொட்டிக்குச் சட்டியை மாற்றுவேன். முட்டையை ஒட்டிக் காற்றுக் குமிழி போகும்படி கல்லை வைத்து, விளக்கை அணைத்து, துணி போட்டு மூடிவிடுவேன். முழு இருட்டான ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரிந்துவிடும். தாய்த் தொட்டியிலேயே விட்டால் பாதி ஃபில்டருக்குள் போகும், மீதியைப் பெரிய மீன்கள் தின்றுவிடும்.

குஞ்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். கண்ணும் வயிறும்தான் தெரியும், உடம்பு கண்ணாடி. வெளிச்சத்தைக் கண்டால் அதை நோக்கிப் பாயும், கண்ணாடியில் முட்டி முட்டியே களைத்துச் சாகும். அதனால் தொட்டியின் நாலு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டி, மேலிருந்து மங்கலான வெளிச்சம் மட்டும் விடுகிறேன். நானோகுளோராப்சிஸ் பாசியைக் கொஞ்சம் கலந்து தண்ணீரை இளம்பச்சையாக வைத்தால் வெளிச்சமும் தணியும், குஞ்சுக்குத் தீனியாகும் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர் உயிரிக்கும் சாப்பாடு ஆகும்.

இந்த ரோட்டிஃபர்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. குஞ்சின் சின்ன வாயில் நுழையும் அளவு அது. பொரிந்த மறுநாள் காலையிலேயே தொட்டி முழுக்க இருக்க வேண்டும், மில்லிலிட்டருக்குப் பத்துக்குக் குறையாமல். குஞ்சு தேடிப் போய்ச் சாப்பிடாது, மூக்கு முன்னால் மிதந்தால்தான் கவ்வும். ஆகவே முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபர் வாங்க ஈப்போவுக்கு ஓடுவதில் பலனில்லை. முட்டை இல்லாத காலத்திலும் வாளியில் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நான் இரண்டு வாளி வைத்திருக்கிறேன், ஒன்று வீட்டுக்குள், ஒன்று பின்கட்டில். ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். தினம் கால்வாசி வடித்தெடுத்துப் புது உப்புத் தண்ணீர் ஊற்றினால் வருடக்கணக்கில் போகும்.

ஆறேழு நாளில் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சின்ன இறாலின் குஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அவசரப்பட்டு முன்னாடியே கொடுத்தால் செரிக்காமல் சாகும். அன்றன்று பொரிந்ததை மட்டும் கொடுக்க வேண்டும், ஒரு நாள் கடந்தால் அதில் சத்து குறைந்துவிடும். அதன் முட்டை ஓடு கலக்காமல் பிரிப்பதும் முக்கியம். எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் குஞ்சு உருமாறும். தலைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை லேசாக விழும், நடுத்தண்ணீரில் அலைந்தது ஓரத்தில் ஒதுங்கும். அதிகம் சாவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் அம்மோனியா காரணம். தினமும் காலையில் மெல்லிய குழாயால் அடியில் படிந்ததை உறிஞ்சி, தாய்த் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். வேகமாக ஊற்றினால் அந்த அதிர்ச்சியே போதும், செத்துவிடும்.

நம் ஊருக்கென்று இரண்டு ஆபத்து இருக்கிறது. சாயங்கால இடிமழையில் கரண்ட் போகும், அதற்கு பேட்டரிக் காற்றுப் பம்பு கட்டாயம் வேண்டும். மற்றது புகை. டிங்கிக்கு மருந்துப் புகை அடிக்க வரும் நாளில் பம்பு அந்தக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் தள்ளும். கொசு மருந்து மீனுக்கும் ரோட்டிஃபருக்கும் விஷம். வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, தொட்டியையும் வாளியையும் நனைந்த துணியால் மூடி, புகை கலையும் வரை பம்பை நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரம் காற்றில்லாமல் குஞ்சு தாங்கும், மருந்தைத் தாங்காது. கொசுவர்த்தியும் சாம்பிராணியும் அந்த அறைக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணியை வாசல் பக்கமே போட்டுவிடுகிறார். நீங்கள் புதிதாக ஆரம்பிப்பதாக இருந்தால், பம்பை எந்த ஜன்னலுக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் மாட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.