பழைய கம்பெனியை ஏன் விட்டீங்க: எந்தப் பதில் எங்கே எடுபடும்?

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலோ இன்டர்வியூவுக்குப் போகிறீர்கள் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பழைய கம்பெனியின் லட்சணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அங்கே இருந்த சூப்பர்வைசர் இவருக்கு மச்சானாகக்கூட இருக்கலாம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று ஊர்கள் பல இருந்தாலும் தோல் தொழிலில் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் குறைவு.

அதனால் உள்ளதையெல்லாம் கொட்டுவது இங்கே பெரிய ஆபத்து. மேனேஜர் கெட்ட வார்த்தையில் திட்டினார், லீவு கேட்டால் முறைத்தார், இன்னொருவர் வேலையையும் தலையில் கட்டினார், எல்லாம் நிஜமாகவே இருக்கும். ஆனால் கேட்பவர் மனதில் ஓடுவது, நாளைக்கு நம்மைப் பற்றியும் இவன் இப்படித்தான் பேசுவான் என்பதே. அந்தப் பேச்சை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

'குடும்பச் சூழ்நிலை சார்' என்பது பத்திரமான பதில்போலத் தெரியும். அடுத்த கேள்வி, 'இப்போ சரியாயிடுச்சா?' அதற்கு ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். பெண்களுக்கு இது இன்னும் மோசம். ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் பெருமளவு வேலை செய்கிறார்கள், இருந்தும் குடும்பம் என்று வாயைத் திறந்தால் கல்யாணம் எப்போ, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று போய்விடும்.

'வளர்ச்சிக்காக விலகினேன்' என்பது காட்பாடியில் ரயிலேறிச் சென்னை, பெங்களூரு ஐடி கம்பெனிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவரும், அங்கே எச்.ஆர். பாதிப் பேர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதே தையல் மெஷின், அதே சம்பளம் என்று மாறுகிறவர் சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

அந்த வேலையையே ரெஸ்யூமில் மறைத்துவிட்டால்? பி.எஃப். பிடித்திருந்தால் வேண்டவே வேண்டாம். 20 பேருக்கு மேல் இருக்கும் கம்பெனி என்றால் அநேகமாகப் பிடித்திருப்பார்கள். உங்கள் யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் பதிவாகிக் கிடக்கும். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். இன்டர்வியூவுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

என் ஓட்டு, சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி அதோடு நிறுத்துவதற்கு. 'சம்பளம் மாசாமாசம் இருபதாம் தேதிக்கு மேலதான் வந்துச்சு சார், வாடகை கட்ட முடியலை. ஷிஃப்டு எதுவானாலும் வருவேன்.' பாஸ்புக்கைக் கேட்டால் காட்டலாம், யாரையும் திட்டவும் இல்லை, பேச்சும் புது வேலைக்குத் திரும்பிவிடுகிறது. ஓவர்டைம் விஷயமும் அப்படியே. சட்டப்படி இரண்டு மடங்கு தர வேண்டும், அங்கே ஒற்றைச் சம்பளம்தான் தந்தார்கள் என்று நிதானமாகச் சொல்லலாம். இதைக் கேட்டு எதிரே இருப்பவர் முகம் சுளித்தால் அங்கேயும் கதை அதேதான் என்று உங்களுக்குப் புரிந்துவிடும், அதுவும் லாபம்தான்.

பாலியல் தொல்லைக்கு ஆளாகி விலகியவர்கள் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 'எனக்கு அங்கே பாதுகாப்பா இல்லை சார்' என்று ஒரு வரி போதும், அதற்கு மேல் விவரம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கடைசியில் 'ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். இங்கே சம்பளம் எந்தத் தேதிக்கு வரும் என்று கேட்டுவிடுங்கள்.